தாத்தா பார்த்த பாலாறு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நீங்கள் கண்ணயர்ந்து வருவதாக வைத்துக்கொள்வோம். வாலாஜாப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா எல்லாம் கடந்துவிட்டன. கண் மூடியிருந்தாலும், ஆம்பூர் நெருங்கிவிட்டது என்று உங்கள் மூக்கு சொல்லிவிடும். ஒரு பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் வாடை. இன்னொரு பக்கம் தம் போட்டு இறக்கிய பிரியாணியின் மணம்.

ஆலை வாடை வந்ததும் பக்கத்து இருக்கையில் இருக்கும் வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். ஆனால் ஆம்பூரில் பிறந்து வளர்ந்து, பிழைப்புக்காக வெளியூர் போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பும் ஒருவர் அதே வாடையில் நிமிர்ந்து உட்காருகிறார். பழைய தெரு, பள்ளிக்கூடம், வேலை முடிந்து அந்த வாடையோடு வீடு திரும்பும் அப்பா எல்லாம் அவர் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இருவர் மூக்கிலும் நுழைந்தவை ஒரே மூலக்கூறுகள்தாம். ஒருவருக்கு அது நாற்றம். மற்றவருக்கு அது வீடு!

இது ஏன்? பழைய நினைவுகள் நமக்குள் எப்படித் தங்குகின்றன? அவை நம்மை எப்படி உருவாக்குகின்றன? அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விகளுக்கு விஞ்ஞானம் சொல்லும் விடைகளைப் பார்ப்போம். கடைசிக் கேள்விக்கு நம் பாலாறே நல்லதொரு பரிசோதனைச்சாலையாக இருக்கிறது.

மூக்கின் குறுக்கு வழி

பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. பிறகு அமிலம் சேரும்போது சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரலாம். அழுகிய முட்டையின் நாற்றம் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்களே, அதே வாயுதான். நூறு கோடிப் பங்கு காற்றில் இது ஒருசில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

மூக்கின் உட்புறத்தில், மேல்பகுதியில், மணத்தை உணரும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. மனிதனிடம் சுமார் 400 வகையான மண ஏற்பிகள் வேலை செய்கின்றன. ஒரு மணம் வரும்போது அவற்றுள் சில தூண்டப்படுகின்றன. எவை எவை தூண்டப்பட்டன என்ற சேர்க்கையை வைத்தே மூளை மணத்தை அடையாளம் காண்கிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991-ல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் முதலில் மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்ற பகுதிக்குச் செல்கின்றன. அங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குப் பிரிகின்றன. ரயில் நிலையச் சந்திப்பு போன்றது அது. சென்னை வண்டியும் சேலம் வண்டியும் ஜோலார்பேட்டைச் சந்திப்பில் வந்து பிரிவதில்லையா, அதுபோல. மணத்தின் செய்தியோ இந்தச் சந்திப்புக்குப் போகாமலே, உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியையும், நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் விரைவில் எட்டிவிடுகிறது. மணம் கிளப்பும் நினைவு உணர்ச்சியோடு சேர்ந்து வருவதற்கு இந்தக் குறுக்கு வழி ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. வயதானவர்களிடம் சொற்களையோ படங்களையோ காட்டிப் பழைய நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகளையே அதிகம் சொல்கிறார்கள். மணங்களை முகரக் கொடுத்துக் கேட்டாலோ, பத்து வயதுக்கு முந்திய நினைவுகள் அதிகமாக வருகின்றன!

ஒரு மணம் நல்லதா கெட்டதா என்பதையும் பெரும்பாலும் அனுபவமே கற்றுக்கொடுக்கிறது. மூட்டுவலித் தைலத்தின் மணத்தை நினைத்துப் பாருங்கள். அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளின் மணம் நமக்கு வலியையும் பாட்டியின் கட்டிலையும் நினைவூட்டும். அமெரிக்காவிலோ அதே மணம் மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சேர்க்கப்படுகிறது. அங்குள்ள சிறுவனுக்கு அது இனிப்பின் மணம். மூலக்கூறு ஒன்றுதான், அதனோடு சேர்ந்த வாழ்க்கை வேறு. ஆம்பூர்ப் பேருந்தில் நடந்ததும் இதுதான்.

ஏக்கம் ஒரு நோயா?

பழைய நாட்களையும் விட்டுவந்த ஊரையும் நினைத்து வரும் ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர். கிரேக்க மொழியில் 'நாஸ்டாஸ்' என்றால் வீடு திரும்புதல். 'ஆல்காஸ்' என்றால் வலி. இவ்விரு சொற்களையும் ஒட்டி இப்பெயரை உருவாக்கியவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அவர் எழுதிய ஆய்வேட்டில், இதை ஒரு நோய் என்றே விவரித்தார். ஊரை விட்டு வெளிநாடுகளில் இருந்த சுவிஸ் இளைஞர்கள் உண்ணாமல் உறங்காமல் வாடியதைக் கண்டு அவர் இந்த முடிவுக்கு வந்தார்.

பிறகு யோஹான் யாகோப் ஷாய்க்ஸர் என்ற சுவிஸ் அறிஞர் இதற்கு இயற்பியல் விளக்கம் ஒன்று கொடுத்தார். சுவிஸ் மக்கள் உயர்ந்த மலைகளில், காற்றழுத்தம் குறைந்த இடத்தில் வாழ்பவர்கள். சமவெளிக்கு இறங்கினால் அதிகக் காற்றழுத்தம் அவர்கள் உடலை அழுத்துகிறது. இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. அதனால் நோய் வருகிறது என்றார்!

இந்தக் கருத்தைச் சோதிக்க நாம் சுவிட்சர்லாந்து போக வேண்டியதில்லை. ஏலகிரி மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆம்பூரின் உயரம் ஏறக்குறைய 300 மீட்டர். ஏலகிரியிலிருந்து ஆம்பூருக்கு இறங்கி வந்தால் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஷாய்க்ஸர் சொன்னது சரியென்றால், சந்தைக்கு இறங்கி வரும் ஏலகிரிக்காரர்கள் எல்லோருக்கும் ஊர் ஏக்கம் பிடிக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கக் காணோம்! மாறாக, சமவெளியான ஆம்பூரிலிருந்து கடற்கரை நகரமான துபாய்க்குப் போனவர், அழுத்த வேறுபாடு மிகக் குறைவாக இருந்தும், ஊரை நினைத்து ஏங்குகிறார். எனவே காரணம் காற்றில் இல்லை.

இன்று இந்த ஏக்கத்தை யாரும் நோயாகக் கருதுவதில்லை. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகைட்ஸ் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வுகள் இதைப் புதிய முறையில் ஆராய்ந்தன. பழைய நினைவு ஏக்கம் பெரும்பாலும் மனம் வாடும்போதும் தனிமையின்போதும் எழுகிறது. எழுந்த பின், 'என்மேல் அன்பு கொண்டவர்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வைக் கூட்டுகிறது என்று அவை காட்டின. விடுதியில் முதல் வாரம் தனியாகப் படுத்திருக்கும் மாணவன் அம்மாவின் சமையலை நினைப்பது வீண் வேலையல்ல. அவன் மனம் தனக்குத் தானே மருந்து தேடிக்கொள்கிறது.

ஒலிநாடாவும் தோல் செருப்பும்

ஏக்கம் நல்லது என்றால், அதில் வரும் நினைவு உண்மையானது என்று ஆகிவிடுமா? இங்குதான் கவனம் வேண்டும்.

நினைவு என்பது ஒலிநாடா போன்றது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒலிநாடாவில் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது. ஒலிக்கு ஏற்ப அதன் துகள்கள் காந்தமாகின்றன. மறுபடி ஓட்டினால் பதிந்தது பதிந்தபடி கேட்கும். மூளை இப்படி வேலை செய்வதில்லை.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட நூலில் ஒரு பரிசோதனையை விவரித்தார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்தில் இருந்தவர்களிடம் படிக்கக் கொடுத்தார். சில நிமிடங்கள், சில நாட்கள், சில மாதங்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை சுருங்கிக்கொண்டே போனது. புரியாத பகுதிகள் மறைந்தன. கதையில் வந்த பழங்குடியினரின் ஓடம், அவர்களுக்குப் பழக்கமான படகாக மாறியது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு கதையை மறுபடி கட்டினார்கள். தாம் மாற்றியது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியவில்லை.

இதைவிட வியப்பான சோதனை ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் என்ற அமெரிக்க விண்கலம் வானில் வெடித்து ஏழு பேர் இறந்தனர். மறுநாள் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், எமரி பல்கலைக்கழக மாணவர்கள் 106 பேரிடம், 'செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தாய்? யார் சொன்னார்கள்?' என்று எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். எல்லா முக்கிய விவரங்களையும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். பதினொரு பேர் சொன்ன முக்கிய விவரங்கள் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் தவறாகச் சொன்னவர்களில் பலர் தங்கள் நினைவில் முழு நம்பிக்கை வைத்திருந்தார்கள்! அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாளைக் காட்டிய பிறகும், மறந்துபோன உண்மை நினைவு திரும்பி வரவில்லை.

2000-ல் கரீம் நாடர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் எலிகளில் செய்த சோதனை இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. ஒரு பழைய நினைவு மீண்டும் எழுப்பப்படும்போது அது சிறிது நேரம் இளகிய நிலைக்கு வருகிறது. பிறகு மறுபடி பதிய வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் அது மாறவும் கூடும்.

ஆகவே ஒலிநாடாவைவிட நம் ஊர்த் தோல் செருப்பே நினைவுக்குப் பொருத்தமான உவமை. காலணி ஆலையில், பாதத்தின் வடிவில் செய்த 'லாஸ்ட்' என்ற அச்சின்மேல் தோலை இழுத்துப் பொருத்துகிறார்கள். ஈரமும் வெப்பமும் பட்டுத் தோலிலுள்ள கொலாஜன் இழைகள் சற்றே நகர்ந்து புதிய இடத்தில் படிகின்றன. அச்சை எடுத்த பின்னும் வடிவம் நிற்கிறது. பிறகு நீங்கள் அணிய அணிய, உங்கள் காலுக்கு ஏற்ப அது மேலும் இளகிப் படிகிறது. ஓராண்டு அணிந்த செருப்பு உங்களுக்கு மிகவும் இதமாக இருக்கும். ஆனால் கடையில் வாங்கிய நாளில் அது எந்த வடிவில் இருந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடிக்கடி எடுத்துச் சொல்லும் நினைவும் அப்படித்தான்.

தாத்தாவின் சாட்சி

இனி பாலாற்றுக்கு வருவோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம் வழியாகச் சென்று, கல்பாக்கம் அருகே கடலில் கலக்கிறது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் நீங்கள் காண்பது காய்ந்த படுகையும் சீமைக்கருவேலமும்தான்.

இந்தக் கரையில் எந்தத் தாத்தாவைக் கேட்டாலும், "அந்தக் காலத்துலே பாலாத்துலே எப்பவும் தண்ணி இருக்கும்பா. கையாலே மணலைத் தோண்டினா ஊத்து வரும். தேங்காத் தண்ணி மாதிரி இருக்கும்" என்பார். இது உண்மையா, அல்லது ஏக்கம் பூசிய வர்ணமா?

ஒரு விஞ்ஞானி இதைக் கேட்டுச் சிரிக்கவும் மாட்டார். அப்படியே ஒப்புக்கொள்ளவும் மாட்டார். தாத்தா சொன்னதை இரண்டு கூற்றுகளாகப் பிரித்துக்கொள்வார்.

முதற் கூற்று: ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடியது. இதற்கு எதிரான சான்றுகள் இருக்கின்றன. பாலாறு பனிமலையில் தோன்றும் ஆறு அல்ல; மழையை மட்டுமே நம்பியது. 1892-லேயே சென்னை மாகாணமும் மைசூர் அரசும் நதிநீர் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. அதில் இடம்பெற்ற ஆறுகளில் பாலாறும் ஒன்று. தண்ணீர் எப்போதும் தாராளமாக ஓடிய ஆற்றுக்கு அப்படி ஓர் ஏற்பாடு எதற்கு? மழைக்காலத்தில் இதே ஆறு பொங்கியும் வந்திருக்கிறது. 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்கு அவ்வூரில் நினைவுத்தூண் உண்டு. 2021 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தது. எனவே 'எப்போதும் ஓடியது' என்பதில், சிறுவயதில் ஆற்றில் குளித்த சில இன்பமான மாதங்கள் ஆண்டு முழுவதுமாக நீண்டுவிட்டன என்று கொள்ளலாம்.

இரண்டாம் கூற்று: மணலைத் தோண்டினால் நல்ல நீர் ஊறியது. இதற்குச் சான்றுகள் வலுவானவை. ஒருவரையொருவர் அறியாத பல ஊர்ப் பெரியவர்கள் இதையே சொல்கிறார்கள். மணலுக்கு அடியில் ஊறும் நீரை வயலுக்குக் கொண்டுபோக வெட்டிய ஊற்றுக்கால்வாய்கள் இந்தப் படுகையில் பல இடங்களில் இருந்தன. நினைவு மாறலாம், வெட்டிய கால்வாய் மாறாது. அதோடு, கணக்கும் ஒத்துவருகிறது. செய்து பார்ப்போம்.

மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம், மணலின் மொத்தக் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கும். எல்லா நீரையும் எடுக்க முடியாதாகையால் கால் பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு கன மீட்டர் மணலில் 250 லிட்டர். ஆற்றின் அகலம் 500 மீட்டர், நீளம் ஒரு கிலோமீட்டர், மணலின் ஆழம் 4 மீட்டர் என்றால் மொத்தம் 20 லட்சம் கன மீட்டர் மணல். அதில் தங்கும் நீர் 50 கோடி லிட்டர்! ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம், 10,000 பேர் வாழும் ஊருக்கு இது 500 நாள் காணும். இத்தனையும் ஒரே ஒரு கிலோமீட்டர் ஆற்றில். மேலே ஓடும் நீர் சில வாரங்களில் போய்விட்டாலும், கீழே இருந்த நீர் வெயிலுக்கு அதிகம் ஆவியாகாமல் ஆண்டு முழுவதும் காத்திருந்தது. மணலை அள்ளிவிட்டால் தண்ணீர்த் தொட்டியையே அள்ளியதாகும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

தாத்தாவின் நினைவு ஓரிடத்தில் தவறியது. ஆனால் முக்கியமான இடத்தில் தவறவில்லை.

தண்ணீர் கெட்ட கதை

ஊற்று நீர் தேங்காய்த் தண்ணீர் போல இருந்தது என்றாரே, அது என்ன ஆயிற்று?

நம் பகுதியில் தோல் பதனிடுதல் பழைய தொழில். முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். அவற்றிலுள்ள டானின் தோலில் ஊறிப் படிய வாரக்கணக்கில் ஆகும். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. வாரக்கணக்கு வேலை ஒருசில நாட்களில் முடிந்தது. ஆலைகள் பெருகின, காலணித் தொழில் வளர்ந்தது, பல்லாயிரம் பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை கிடைத்தது. பல குடும்பங்களின் பிள்ளைகள் படித்ததும் அந்த வருமானத்தில்தான். ஆகையால் ஆலை வாடையை வீட்டின் மணமாக நினைப்பவரிடம் குறை காண முடியாது.

ஆனால் கழிவு நீர் ஆற்றுக்கும் நிலத்துக்கும் போயிற்று. அதில் குரோமியம் மட்டுமல்ல. சாதாரண உப்பும் ஏராளம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிடுகிறார்கள். ஆலையில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு நீரில் கரைகிறது. குரோமியத்தைப் படிய வைத்துப் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது கடினம்; செலவும் அதிகம்.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வையும் அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நிற்க இத்தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆயினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்கி, இழப்பீடும் ஆற்றைச் சீர்படுத்துதலும் குறித்து உத்தரவிட்டது.

பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றுக்கு இன்று குடிநீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? காவிரியிலிருந்து, குழாய் வழியாக!

நகர்ந்துபோகும் அளவுகோல்

ஆலைக்குள் புதிதாக நுழைபவருக்கு முதலில் வாடை குமட்டும். சில நிமிடங்களில் அது குறைந்தது போலத் தோன்றும். வாடை குறையவில்லை, மூக்குப் பழகிவிட்டது. (ஹைட்ரஜன் சல்பைடு மிக அதிகமானால் மணம் உணரும் திறனையே அது முடக்கிவிடும். வாடை போய்விட்டது என்று கழிவுத் தொட்டியில் இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. இதை மறக்க வேண்டாம்.)

மூக்கு சில நிமிடங்களில் பழகுவது போல, சமுதாயம் சில தலைமுறைகளில் பழகிவிடுகிறது. டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995-ல் இதைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறை மீன்வள அறிஞரும், தாம் வேலையில் சேர்ந்தபோது கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்றுதான் பார்க்கிறார். அடுத்த தலைமுறை, ஏற்கெனவே குறைந்துபோன அளவிலிருந்து தொடங்குகிறது. இப்படி அளவுகோலின் பூச்சியப் புள்ளியே மெல்ல மெல்ல நகர்ந்துவிடுகிறது. எவ்வளவு இழந்தோம் என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது.

பாலாற்றிலும் இதுதான் நடக்கிறது. தாத்தாவுக்கு ஆறு என்றால் ஊற்று. அப்பாவுக்கு ஆறு என்றால் மணல். உங்களுக்கு ஆறு என்றால் பாலத்தின் அடியில் உள்ள முட்புதர். வெள்ளம் வந்து தண்ணீர் ஓடினால் உங்களுக்கு அது அதிசயம். நாளை இந்த ஆற்றைச் சீர்படுத்தும்போது, 'எந்த நிலைக்குத் திருப்ப வேண்டும்?' என்று ஒருவர் கேட்டால் விடை யாரிடம் இருக்கிறது? தாத்தாவின் நினைவு இல்லையென்றால், முட்புதரை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று நாம் திருப்தி அடைந்துவிடுவோம். அந்த நினைவைச் சோதிக்காமல் அப்படியே நம்பினாலோ, என்றும் இருந்திராத ஓர் ஆற்றைத் தேடிக்கொண்டிருப்போம்.

பழைய நினைவு நம்மை உருவாக்குகிறது என்பதன் பொருள் இதுதான்: எதை இயல்பு என்று ஏற்க வேண்டும், எதை இழப்பு என்று உணர வேண்டும் என்பதை அது நமக்குச் சொல்கிறது. உணர்ந்த பின் அளந்து பார்ப்பது நம் வேலை.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் தெருவில் 60 வயதுக்கு மேற்பட்ட ஐந்து பேரைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கக் கூடாது. "உங்களுக்குப் பத்து வயது இருக்கும்போது உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் இருந்தது? எந்த மாதத்தில் வற்றியது? தண்ணீர் எப்படி ருசித்தது?" என்று கேளுங்கள். "அந்தக் காலத்தில் ஆறு நன்றாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள், கேள்வியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

2. சொன்னதை அன்றே, அவர்கள் சொன்ன சொற்களிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் நினைவும் செருப்புத் தோல்தான் என்பதை மறவாதீர்கள்.

3. ஐவரில் எத்தனை பேர் ஒத்துப்போகிறார்கள்? பழைய கிணற்றின் படிகள், நீர் நின்ற கறை, பழைய புகைப்படம் ஆகியவை அதற்குத் துணை நிற்கின்றனவா? பட்டியலிடுங்கள்.

4. இன்று அதே கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்து குறியுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கழிவு நீர் ஓடும் இடங்களுக்கும் தொட்டிகளுக்கும் அருகே போக வேண்டாம்.

5. பள்ளியில் கரைந்த உப்பின் அளவு காட்டும் சிறு மின்கருவி இருந்தால் கிணற்று நீரைச் சோதியுங்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதே இந்தியத் தர அளவுப்படி ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை. உங்கள் கிணறு எங்கே நிற்கிறது?

6. ஒரு வாளி காய்ந்த ஆற்று மணலில் எத்தனை குவளை நீர் ஊற்றினால் மேலே நீர் தெரிகிறது என்று எண்ணுங்கள். மேலே செய்த கணக்கு சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

இந்தக் குறிப்பேட்டை ஆண்டுதோறும் அதே மாதத்தில் தொடருங்கள். பள்ளியை விட்டுப் போகும்போது கீழ்வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து உங்கள் பேரப்பிள்ளை, "தாத்தா, அப்போ பாலாறு எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது, நினைவிலிருந்து சொல்லுங்கள், கூடவே குறிப்பேட்டையும் எடுத்துக் கொடுங்கள்.